சபர் போன ஒட்டகச்சிவிங்கி

'சஃபாரி' என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? கூரை திறந்த ஜீப், கையில் பைனாகுலர், தூரத்தில் சோம்பல் முறிக்கும் சிங்கம்... கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போய் யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம்ம பக்கத்திலும் இப்போது இருக்கிறார்கள். ஆனால், அந்த வார்த்தைக்கு மிருகம் என்றோ வேட்டை என்றோ அர்த்தம் கிடையாது. ஸ்வாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம். அதன் வேர், அரபியில் உள்ள 'சஃபர்'.

காயல்பட்டினத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 'அவுக சபர் போயிருக்காக' என்பது அங்கே வீட்டுப் பேச்சு. கடல் கடந்து பிழைக்கப் போனவர், சபராளி. கென்யாவுக்கும் தூத்துக்குடிச் சீமைக்கும் ஒரே வார்த்தை எப்படி வந்தது? இரண்டு கரைக்கும் கப்பலைத் தள்ளியது ஒரே பருவக்காற்று. வார்த்தை மட்டுமா வந்தது? மிருகங்களும் வந்தன!

ஏரலில் இருந்து தாமிரபரணியை ஒட்டிக் கிழக்கே போனால் கொற்கை. இன்னும் போனால் பழையகாயல். முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகத்தை ஆற்று மண் தூர்த்துவிட, வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸில் இருந்தும் ஏடனில் இருந்தும் வரும் கப்பல்கள் எல்லாம் காயலைத் தொட்டுப் போவதாக எழுதுகிறார். அந்தக் கப்பல்களில் முக்கியமான சரக்கு, குதிரை.

பாண்டிய மன்னர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்கினாராம். அவர் சகோதரர்கள் நாலு பேரும் அதே அளவு. வருஷக் கடைசியில் மிஞ்சியது நூறுகூட இல்லை என்கிறார் போலோ. நம்ம ஊர் வெக்கை, பழகாத தீனி, வைத்தியம் தெரிந்த ஆள் இல்லாதது... எல்லாம் சேர்ந்து கொன்றன. சோறும் வேகவைத்த இறைச்சியும் குதிரைக்குப் போட்டார்களாம்! வைத்தியர்கள் வந்துவிட்டால் குதிரை சாகாது, வியாபாரம் படுத்துவிடும் என்பதால், அவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். வருஷத்துக்கு 1,400 குதிரைக்கு ஒப்பந்தம். கடலில் வரும்போதே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கஜானாவே பணம் கட்ட வேண்டும்! மூச்சடக்கி முத்துக் குளித்தவன் உழைப்பில் சேர்ந்த செல்வம், செத்த குதிரைக்கு விலையாகப் போனது.

குதிரையாவது போருக்கு. வெறும் பார்வைக்காகக் கடல் தாண்டிய மிருகமும் உண்டு. 1414-ல் வங்காளத்து சுல்தான் சைஃபுதீன் ஹம்சா ஷா, சீனச் சக்கரவர்த்தி யோங்லேவுக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். சீனத்தில் அதுவரை அப்படியொன்றைக் கண்டவர் இல்லை. நல்லாட்சி நடக்கும்போது மட்டுமே தோன்றும் 'கிலின்' என்ற புராண மிருகம் இதுதான் என்று அரசவையே பூரித்தது. ஷென் து என்ற அவைப் புலவர் புகழ்பாடிக் கவிதை எழுதினார். பக்கத்தில் சேவகன் கயிறு பிடித்து நிற்க, அதன் ஓவியமும் தீட்டப்பட்டது. மறுவருஷமே மலிண்டியில் இருந்து இன்னொன்று வந்தது. சக்கரவர்த்தி அரண்மனை வாசல் வரை வந்து வரவேற்றார். அந்த மலிண்டி இன்றைய கென்யாவில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தக் கடலெல்லாம் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள். அவை தொட்ட துறைமுகங்களின் பட்டியலில் நம்ம காயலும் உண்டு. 1409-ம் வருஷத் தேதியிட்டு அவர் இலங்கையின் காலியில் வைத்த கல்வெட்டில், சீனம், பாரசீகத்தோடு மூன்றாவதாக இருப்பது தமிழ்! இந்தக் கடலில் வியாபாரம் பேச அந்த மொழி தேவைப்பட்டிருக்கிறது.

அரசர்கள் இத்தனை செலவு செய்தது அந்த மிருகங்களைத் தெரிந்துகொள்ள அல்ல, 'என்னிடம் இருக்கிறது' என்று காட்ட. அது எதைத் தின்னும், எந்தக் காற்றில் மூச்சுவிடும் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. அதற்குள் குதிரை செத்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கியோ, அதன் சொந்தப் பெயர்கூட இல்லாமல் கிலின் ஆகிவிட்டது.

இன்றைக்கு மாசாய் மாராவில் நிலைமை தலைகீழ். ஜீப்புக்குள் அடைபட்டு உட்கார்ந்திருப்பது மனுஷன். வெளியே தன் பாட்டுக்கு இலை மேய்வது ஒட்டகச்சிவிங்கி. கிட்டத்தட்ட அறுநூறு வருஷம் கழித்து, பயணம் போக வேண்டியது மிருகம் அல்ல, நாம்தான் என்று புரிந்திருக்கிறது. சபர் என்ற சொல்லுக்கு இதுதான் நியாயமான அர்த்தம்.