கம்பத்துக்குள் ஒரு பழைய ‘யு’

தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். ‘கம்ப’த்தின் இரண்டு அகரங்களுக்கும் ‘யு’ நிற்கிறது. அடுத்த சொல்லான ‘பன்னீ’ரின் அகரத்துக்கோ ‘ஏ’ வருகிறது. ‘திராட்சை’யின் தகரம் தென்னிந்திய வழக்கப்படி ‘டி-எச்’ ஆகியிருக்கிறது. வெவ்வேறு காலத்து எழுத்து வழக்குகள் ஒரே பெயருக்குள் அருகருகே குடியிருக்கின்றன.

இவற்றுள் மூத்தது ‘கம்பம்’. சி, யு, எம், பி, யு, எம் என்ற அந்த எழுத்துக்கூட்டலைத் தமிழ்ப் பெயரின் சிதைவு என்று பலரும் குறை சொல்வதுண்டு. அது பிழையன்று, தன் காலத்து ஆங்கில அச்சு வழக்குக்கு முழுக்கப் பொருந்திய கூட்டல் என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘கப்’, ‘பஸ்’ முதலிய ஆங்கிலச் சொற்களில் நம் அகரத்தை ஒத்த ஒலியைத் தருவது ‘யு’தான். ‘ஏ’ போட்டு எழுதினால் இங்கிலாந்திலிருந்து வந்தவர் ‘கேம்பம்’ என்பது போல ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார். ‘யு’ போட்டதை அவர் வாய்விட்டுப் படித்தால் கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் உச்சரிப்புக்கு மிக அருகில் வந்துவிடும். பஞ்சாபின் முதல் அகரத்துக்கு இன்றும் ‘யு’ எழுதப்படுவது இதே காரணத்தால்தான்.

அந்தக் காலத்து ஆங்கில அச்சே நிலைபெறாத ஒன்றாக இருந்தது. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும், ‘எஃப்’ என்று மயங்கவைக்கும் நீண்ட ‘எஸ்’ வடிவத்தை அச்சுக்கோப்பவர்கள் இட்டார்கள். சொல்லின் இறுதியில் மட்டும் இன்றைய ‘எஸ்’. லண்டன் அச்சாளர் ஜான் பெல் போன்றோர் அதைக் கைவிட, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அச்சிலிருந்து மறைந்தது. சென்னை வேப்பேரியில் 1779இல் அச்சான ஃபெப்ரீஷியஸ் அகராதியின் ஆங்கிலத் தலைப்பு தமிழைத் ‘தமுலியன்’ என்று குறிக்கிறது. வேப்பேரியின் முதலெழுத்து அதில் ‘டபிள்யு’. ஒரு மொழி தன் எழுத்துகளையே இன்னும் ஒழுங்குபடுத்தி முடிக்காத நேரத்தில் பிறமொழி ஊர்ப்பெயர்களை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயர்களில் ஒரே சீர்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஒழுங்குக்கான முயற்சி தொடங்காமலும் இல்லை. 1788இல் கல்கத்தாவில் வெளிவந்த ஆசியவியல் ஆய்வுத் தொகுதியில் வில்லியம் ஜோன்ஸ் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ‘ஆசியாட்டிக்’ என்ற சொல் அவர் தலைப்பில் இன்று நாம் எழுதாத ‘கே’யில் முடிகிறது. அவர் அகரத்துக்கு ‘ஏ’யைத் தேர்ந்தார். ஜான் கில்கிறிஸ்ட் மறுபக்கம் நின்று, காதுக்கு நெருக்கமான ‘யு’வையும் இரட்டை ‘ஓ’வையும் பயன்படுத்தினார். 1870களில் வில்லியம் ஹன்ட்டரின் திட்டத்தை அரசு ஏற்றபோது ஜோன்ஸின் பக்கம் வென்றது. ஆனால் நன்கு பழகிவிட்ட பெயர்களை அத்திட்டம் அப்படியே விட்டுவைத்தது. அம்முறையில் எழுதினால் கம்பத்தில் ‘கே’யும் ‘ஏ’யும் வர வேண்டும். தேனி ‘டி-எச்’ இழந்து வெறும் ‘டி’யில் தொடங்க வேண்டும். இன்றைய சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் கம்பம் ‘யு’வோடுதான் இருக்கிறது.

இதன் விளைவு ஆவணக் காப்பகத்தில் தெரிகிறது. பழைய மதுரை மாவட்டம், பெரியாற்றுத் திட்டம் பற்றிய 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளைத் தேடுபவர் ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் பாதியை இழக்கக்கூடும். போடிநாயக்கனூர் ஒற்றைக் ‘கே’யோடும் இரட்டைக் ‘கே’யோடும் வழங்குகிறது. ஆந்திரத்திலும் இதே ஆங்கில எழுத்துகளோடு ஒரு கம்பம் உண்டு. அதன் பழைய ஏரி புகழ்பெற்றது. தேடுபவர் அங்கே போய் நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்பு எழவே சில நாள்களில் திரும்பப் பெற்றது. வேலூரின் ஏகாரத்துக்கு இரட்டை ‘ஈ’ கொடுத்ததால் அது ‘வீலூர்’ என்று படிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. எழுதும் கை தமிழாகவும் படிக்கும் கண் ஆங்கிலமாகவும் இருக்கையில் எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்று முதலில் முடிவு செய்யாததே சிக்கல்.

தமிழ் எழுத்தும் இப்படிப்பட்ட மாற்றங்களைக் கண்டதுதான். ஓலைச்சுவடிக் காலத்தில் ‘தே’க்கும் ‘தெ’க்கும் ஒரே கொம்பு, புள்ளி இட்டுக் காட்டாவிட்டால் தேனியா தெனியா என்பதை இடம் பார்த்தே அறிய வேண்டும். நெடிலுக்குக் கொம்பின் வடிவை மாற்றிய சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்தது. 1935இல் ‘குடி அரசு’ இதழில் ஈ.வெ.ரா. பெரியார் கைக்கொண்ட வடிவங்களை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. மாறிய எழுத்துகள் பதின்மூன்று. அவற்றுள் ணை, லை, ளை மூன்றும் தேனி மாவட்டத்துப் பெயர்ப்பலகைகளில் நெருக்கமாகப் புழங்குபவை: வைகை அணை, முல்லைப் பெரியாறு, மேகமலை, உத்தமபாளையம். தும்பிக்கை வைத்த ‘லை’யோடு ஒரு பழைய கல்வெட்டோ கட்டடத்தின் முகப்போ கிடைத்தால், அது 1978க்கு முந்தையதாக இருக்கலாம் என்பதற்கு நல்ல தடயம். பழகிய கை அதன் பிறகும் அவ்வாறே எழுதியிருக்கலாம் என்பதால் அது மட்டுமே சான்றாகாது.

எனவே கம்பத்தின் ‘யு’வைத் திருத்த வேண்டிய தேவை இல்லை. வேண்டியது ஒரு பெயரடைவு: மாவட்டத்தின் ஒவ்வோர் ஊருக்கும் அச்சில் வழங்கிய எல்லா ஆங்கில வடிவங்களையும், எந்த நூலில் எந்த ஆண்டில் என்ற குறிப்போடு, தமிழ்ப் பெயரின் கீழ் தொகுத்த அடைவு. மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் சேர்ந்து இதை எடுத்துச் செய்யலாம். பழைய முகப்பெழுத்துகளுக்கு வெள்ளையடிக்கும் முன் ஒரு படமாவது எடுத்து அவர்களிடம் கொடுங்கள்.