எனியாக் நிரலாளர்கள்

அமெரிக்காவின் எனியாக் கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்த ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டுவந்த பெண்களிலிருந்து 1945இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. நிரல்மொழி என்று எதுவும் அப்போது கிடையாது; கைநூலும் இல்லை. இராணுவ ரகசியம் என்பதால் தொடக்கத்தில் இயந்திரத்தையே இவர்களுக்குக் காட்டவில்லை. மின்சுற்று வரைபடங்களை வைத்தே அதன் போக்கைப் பிடித்தார்கள். கேபிள்களை மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பிவைப்பதுதான் நிரலாக்கம்.

1946 பிப்ரவரியில் நடந்த அறிமுக விழாவுக்கான குண்டுப்பாதைக் கணக்கை ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் அமைத்தனர். விழாவுக்கு முந்தைய நாள் வரை அதில் ஒரு பிழை. குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் ஓடியது. இரவில் ஸ்னைடருக்கு விடை பிடிபட்டது. காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சைத் திருப்பினார். குண்டு பறக்கும் நேரத்தைவிட விரைவாக விடை வந்தது. அன்றைய விருந்துக்கு இவர்களை யாரும் அழைக்கவில்லை.

எனியாக்கின் படங்களில் இருக்கும் பெண்கள் விளம்பர அழகிகள் என்றே பின்னாளில் சிலர் நம்பினார்கள், அபத்தம்தான். 1980களில் மாணவியாயிருந்த கேத்தி கிளைமன் தேடிப்போய் இவர்களை அடையாளம் கண்டார். 1997இல் அறுவரும் தொழில்நுட்பப் பெண்கள் சர்வதேச அமைப்பின் புகழரங்கில் சேர்க்கப்பட்டனர். ஜென்னிங்ஸ் (மணத்துக்குப் பின் ஜீன் பார்ட்டிக்) 2008இல் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் சிறப்புறுப்பினரானார்.