கடைவாசலும் தெருவோரமும்

வெள்ளவத்தையிலே மாலை வேளையில் காலி வீதியோரமாக நடந்து செல்பவர் எவரும் நேர்கோட்டில் நடப்பதில்லை. வாழைக்குலைகள் தொங்கும் கடைவாசலைச் சுற்றிக் கடந்தால், அடுத்தது வாளிகளும் கூடைகளும் அடுக்கிய வாசல். அதற்கப்பால், சேலைகள் காற்றிலாடும் கம்பி. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலும் காட்சி இதுவே. கைக்குழந்தையோடு வரும் தாயும், கோலூன்றி வரும் முதியவரும், பஸ் ஓடும் பாதையில் இறங்கியே செல்லவேண்டியிருக்கிறது. மாநகர சபையின் வண்டி வருகிறதென்ற செய்தி எட்டியதும் பண்டங்கள் உள்ளே போகும். வண்டி மறைந்ததும் மீண்டும் வெளியே வரும். இதனைக் கண்டு நாம் நகைத்துவிட்டுப் போகிறோம். ஆயினும், தெரு யாருக்குரியது என்ற பழைய வழக்கொன்று இச்சிறு நாடகத்தினுள்ளே இன்னும் தீர்க்கப்படாமற் கிடக்கின்றது.

பண்டத்தை வெளியே வைத்து விற்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று. கடைகளில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை பேசுகின்றது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்களின் நிழலிலே கூடிய நாளங்காடியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. நம் முன்னோர்க்குத் தெரு என்பது நடப்பதற்கு மட்டும் உரிய பாதையாக இருக்கவில்லை. வாங்கவும் விற்கவும் கூடிப் பேசவும் உரிய பொதுவிடமாகவும் இருந்தது. கொழும்பிலே கோட்டைக்கு வெளியே வளர்ந்த வணிகப் பகுதியை ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்றழைத்தனர். அது நமது ‘பேட்டை’ என்னும் சொல்லே. கோட்டைக்குள் அதிகாரம், பேட்டையில் வாழ்க்கை. நகரின் வரலாறு முழுவதையும் இவ்விரு சொற்களில் அடக்கிவிடலாம்.

கோட்டை பேட்டையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். தெருக்களை மறித்தலைத் தண்டனைக்குரியதாக்கும் கட்டளைச் சட்டம் 1861இல் பிறந்தது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பு மாநகர சபை அமைந்தது. புறக்கோட்டையிலே நகர மண்டபமும் அதனருகே எடின்பரோச் சந்தையும் எழுந்தன. விற்பனையைக் கூரையின் கீழ்க் கொண்டுவந்து, கட்டணம் பெற்று, தெருவைப் போக்குவரத்துக்கு விடுவதே அக்காலத்து ஆட்சியாளரின் எண்ணம். வாந்திபேதிக்கு அஞ்சிய காலமாதலின், சுகாதாரத்தின் பெயரால் இது நியாயம் பெற்றது. அந்நியாயம் முழுப்பொய்யன்று. ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. அன்றைய சபைக்கு வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டும். தலையிலே கூடை சுமந்து வந்தவனுக்கு அத்தகுதி ஏது? தெருவைப் பற்றிய விதியைத் தெருவிலே வாழ்ந்தவன் ஆக்கவில்லை. அவனுக்காக மற்றவர் ஆக்கினர்.

இக்கதை கொழும்புக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரிலே கடைகளின் முன்னால் மூடிய நடைவழி விடவேண்டுமென 1822இலேயே இராஃபில்ஸ் கட்டளையிட்டார். நம்மவர் நாவில் அது ‘அஞ்சடி’ ஆயிற்று. வணிகர் அங்கே பண்டங்களை அடுக்கினர். 1888 பெப்ரவரியில் மாநகர ஆணையாளர் அவற்றை அகற்ற முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன. நகரிலே கலகம் மூண்டது. கடைக்காரனுக்கு அது தன் வாசல். அரசுக்கு அது பொதுவழி. ஒரே ஐந்தடி நிலம் இருவேறு கண்களுக்கு இருவேறாகத் தோன்றியதே கலகத்தின் வேர்.

இலங்கையிலே சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருவெல்லைக் கோட்டைக் கொணர்ந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்குத் திட்டம் தந்தார். 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் தெருவிலுள்ள இடையூறுகளை நீக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளித்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. இவையனைத்திலும் கோடு உண்டு, எல்லை உண்டு, அபராதம் உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்பவன் பிழைப்பதெப்படி என்ற வினாவுக்குத்தான் தெளிவான விடை இல்லை.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இவ்வரலாற்றிலே தனித்த துயரம் ஒன்றுண்டு. 1983 ஜூலை 24ஆம் நாள் இரவு பொறளையிலே தொடங்கிய வன்செயல் மறுநாள் நகரெங்கும் பரவியது. தமிழர் கடைகள் வரிசை வரிசையாக எரிந்தன. கடைவாசலிலே தொங்கிய பெயர்ப்பலகையே அன்று கொலைகாரனுக்கு வழிகாட்டியாயிற்று. எரிந்த ஆதனங்கள் அவசரகால விதிகளின் கீழ் ‘ரெப்பியா’ என்னும் அதிகார சபையின் பொறுப்பில் வந்தன. தமது கடையைத் தாமே விண்ணப்பித்து மீளப்பெறும் நிலை உரிமையாளருக்கு ஏற்பட்டது. பின்னர் போரினால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்து சேர, வெள்ளவத்தைத் தெருவோரம் மீண்டும் பனங்கட்டியும் ஒடியலும் வாழையிலையுமாய் உயிர்பெற்றது. ஆகவே, இங்கே வாசலில் ஒரு குலையைத் தொங்கவிடுவது வெறும் விளம்பரமன்று. ‘நாம் இன்னும் இருக்கிறோம்’ என்று சொல்வதும் ஆகும். இதனை அறியாத அதிகாரி விதியை மட்டுமே காண்பான்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரத்தை அழகுபடுத்தும் வேலை வேகம் பெற்றது. புறக்கோட்டையின் நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டனர். அவர்களிற் சிலருக்கென 2014இல் மிதக்கும் சந்தை திறக்கப்பட்டது. தண்ணீரின் மேலே கடை அழகாக இருக்கலாம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு நோக்கி விரையும் தொழிலாளி அழகைத் தேடிச் சென்று காய்கறி வாங்குவதில்லை. அவன் நடக்கும் வழியிலே விற்பவனே அவனுக்கு வேண்டியவன். ஏழை விற்பவனும் ஏழை வாங்குபவனும் சந்திக்கும் இடம் தெருவோரமே என்ற பொருளாதார உண்மையை எந்த வரைபடமும் அழித்துவிட முடியாது.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குவோம். நடப்பவனும் உழைப்பாளிதான். காரில் செல்வோனுக்கு நடைபாதையின் அருமை தெரியாது. கால்நடையாய்ப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குத் தெரியும். பெரிய கடைக்காரர் தம் கடைக்குள்ளே இடமிருக்கவும் வெளியே பண்டத்தைப் பரப்புவதும், நாள் முழுதும் வெயிலில் நிற்கும் கீரைக்காரி சாக்கு விரிப்பதும் ஒன்றாகுமா? முன்னதிலே இலாபம், பின்னதிலே உணவு. ஒரே விதி இருவர்மேலும் ஒரேவிதமாய் விழும்போது, முன்னவர் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்வார்; பின்னவளோ கூடையையே இழப்பாள். சமமான விதி சமமற்ற மக்கள்மேல் விழுந்தால் நீதி பிறப்பதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கிலே, நடைபாதையில் வாணிபம் செய்தல் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஒரு வட்டாரத்து மக்கள்தொகையில் 2.5 வீதம் வரையான வியாபாரிகளுக்கு இடமளிக்க வழிசெய்தது. நகரக் குழுவிலே வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கும் இருக்கை தந்தது. அச்சட்டம் எங்கும் செம்மையாய் நடைமுறைப்பட்டதென நாம் கூறமாட்டோம். ஆயினும், ‘இடையூறு’ என்று எழுதப்பட்ட மனிதனை அது ‘உரிமையுள்ளவன்’ என்று எழுதியது. அது சிறிய மாற்றமன்று.

நமக்கு வேண்டுவதும் அதுவே. இருவர் அருகருகே தடையின்றி நடக்கும் அகலம் எவ்விலைக்கும் விற்கப்படாததாய் முதலிலே வரையப்படட்டும். எஞ்சிய இடத்திலே சிறு வியாபாரிக்கு முதலுரிமை வழங்கப்படட்டும். அக்கோட்டை வரையும் மேசையிலே கீரைக்காரியும், கடைக்காரரும், கோலூன்றி நடக்கும் முதியவரும் அமரட்டும். 1865இலே இவர்களைக் கேளாமல் கோடு வரைந்தார்கள். அதனாலேயே அக்கோடு காலையில் போடப்பட்டு மாலையில் அழிகின்றது. தெருவிலே வாழ்வோர் கூடி வரையும் கோட்டினைக் காப்பதற்கு மாநகர சபையின் வண்டி வரவேண்டியிராது.