பேராசை என்னும் பழிச்சொல்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். அப்பக்கமெல்லாம் இரப்பர்த் தோட்டங்களும் கல்லுடைப்பும் மலிந்திருந்த நாளில், பால்வெட்டுத் தொழிலாளி தம் மகன் கிராணியாக வேண்டுமென்று வாய்திறந்தால், கேட்டோர் அதைப் ‘பேராசை’ என்று ஒதுக்கிவிடுவர். ஆங்கிலத்தில் ‘அம்பிஷன்’ எனப்படும் சொல்லையும் நம்மவருள் பலர் பேராசை என்றே பெயர்த்து வழங்கினர். இது பொருந்துமா?

அச்சொல்லின் பிறப்பிடம் உரோமாபுரி. இலத்தீனில் ‘அம்பி’ என்றால் சுற்றிலும். ‘ஈரே’ என்றால் செல்லுதல். பதவி நாடியவர் சுண்ணம் தேய்த்து வெளுத்த ஆடை அணிந்து, மன்றத்தைச் சுற்றிவந்து, எதிர்ப்பட்டோர் கையைப் பற்றி வாக்குக் கேட்பர். வருபவர் பெயரைக் காதில் ஓதுவதற்கென்றே ஓர் அடிமை உடன் செல்வான்! அந்தச் சுற்றலுக்கே ‘அம்பிஷியோ’ என்று பெயர். கைப்பொருள் கொடுத்து வாக்குப் பெறுவது குற்றம், கி.மு. 63-இல் சிசரோ கொணர்ந்த சட்டம் அதற்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தது. ஆகவே காலின் செயலைச் சுட்டிய சொல்தான் பின்னர் நெஞ்சின் வேட்கையைச் சுட்டலாயிற்று.

தமிழகத்திலோ பதவிக்காகச் சுற்றிவர வேண்டாத முறையொன்றும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். இதனை வியந்து போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே குடத்தில் விழும். கல்வி மிக்கவர்க்கு அரைக்கால் வேலி போதும். நிலமற்ற உழவன் பெயர் ஓலையேறவில்லை. அவன் கேட்டிருந்தால் அதற்கும் பேராசை என்றுதான் பெயர் வந்திருக்கும்.

வள்ளுவர் இவற்றைக் குழப்பவில்லை. அவாவறுத்தலை 37-ஆம் அதிகாரமாகத் துறவறத்தில் வைத்தார். ஊக்கமுடைமையை 60-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். முன்னது துறவிக்கு, பின்னது வினைசெய்து வாழ்வோனுக்கு. துறவியின் பாடத்தைக் கூலிக்காரனுக்குப் போதித்தவர்கள் தாங்கள் துறவு பூண்டதாகத் தெரியவில்லை.

மலாய் ஐக்கிய நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தொடக்க வகுப்புகளோடு நின்றது. கிராணி வேலைக்கோ ஆங்கிலம் வேண்டும். அங்கே குறைவுபட்டது பிள்ளையின் ஊக்கமா, பள்ளியின் வகுப்பா?

1955-இல் சிங்கப்பூர்ச் சட்டசபைக்கு 25 உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தபோது புக்கிட் பாஞ்சாங்கும் ஒரு தொகுதியாயிற்று. உரோமாபுரியின் சுற்றல் கம்பத்து வாசலுக்கும் வந்தது. வாக்குக் கேட்டு வந்தவரை எவரும் பேராசைக்காரர் என்று எழுதவில்லை. முன்னாளில் அவர் அபேட்சகர், இந்நாளில் வேட்பாளர். இரண்டு சொல்லுக்கும் வேர் விருப்பமே.