ஜீப்பும் ஜீப்னியும்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரோடு தொடங்கி, உற்பத்தி செய்த கொம்பனியின் பெயரோடு முடித்துவிடுவர். அப்பொறியைக் கொண்டு பிழைத்தவர் யார், அதன் பயனை அடைந்தவர் யார், அது யாருடைய உடைமையாயிருந்தது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பினாலன்றி ஒரு பொறியின் வரலாறு சமூக வரலாறாகாது. கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென அமைக்கப்பட்ட ஜீப் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீப் என்றதும் நம் நாட்டவர்க்கு நினைவில் வருவது அதிகாரம். பொலிசார் வந்திறங்கும் வண்டி ஜீப்; அரசாங்க உத்தியோகத்தர் கிராமத்தைப் பார்வையிட வரும் வண்டி ஜீப்; தேயிலைத் தோட்டத்திலே துரை மலையைச் சுற்றிவந்த வண்டியும் ஜீப்பே. கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண் அதே பாதையில் ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஆனால் ஆசியாவின் இன்னொரு நாடாகிய பிலிப்பைன்சில் அதே வண்டி ஏழை எளியவரின் வாகனமாயிற்று. ஒரே பொறி ஓரிடத்தில் ஆள்வோரின் அடையாளமாகவும், மற்றோரிடத்தில் உழைப்போரின் சோற்றுப் பாத்திரமாகவும் அமைந்ததற்குக் காரணம் அப்பொறியின் அமைப்பில் மட்டும் இல்லை. அது யார் கையை அடைந்தது என்பதிலேயே உள்ளது.

ஜீப் யுத்தத்தின் குழந்தை. 1940ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் படைகள் மோட்டார் வாகனங்களின் வேகத்தால் பிரான்சை வீழ்த்தியதைக் கண்ட அமெரிக்க இராணுவம், குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாகச் சிறியதொரு வண்டியை அவசரமாகத் தேடிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் 135 கொம்பனிகளுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. நான்கு சில்லுகளும் உந்தப்படவேண்டும். வண்டியின் எடை 1,300 இறாத்தலுக்கு மேற்படலாகாது. 600 இறாத்தல் சுமையை ஏற்கவேண்டும். முதல் வண்டி 49 நாட்களுக்குள் ஒப்படைக்கப்படவேண்டும் என்பன நிபந்தனைகள். இவற்றைக் கண்டு பெரிய கொம்பனிகள் ஒதுங்கிக்கொண்டன. கேள்விப்பத்திரம் அளித்தவை இரண்டே: பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரிலிருந்த அமெரிக்கன் பான்டம், ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்ட் என்பன.

பான்டம் நொடித்துப்போகும் நிலையிலிருந்த சிறு நிறுவனம். அதன் பொருட்டு கார்ல் புறொப்ஸ்ட் என்னும் பொறியியலாளர், சம்பளம் பற்றிய உறுதி ஏதுமின்றியே வேலையை ஏற்று, ஒருசில நாட்களில் வரைபடங்களை முடித்தார். நிறுவனத்தின் தொழிலாளர் இரவு பகலாக உழைத்து உருவாக்கிய முதல் வண்டி, தவணையின் இறுதி நாளாகிய செப்டெம்பர் 23ஆம் திகதி மேரிலாண்டிலிருந்த ஹோலபேர்ட் முகாமை வந்தடைந்தது. எடை பற்றிய நிபந்தனையை எவராலும் நிறைவேற்ற முடியவில்லை. இராணுவமே பின்னர் அதனைத் தளர்த்திற்று.

இவ்வண்டியின் வலிமை எங்குள்ளது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். அக்காலத்துச் சாதாரண காரில் எஞ்சினின் ஆற்றல் பின்சில்லுகள் இரண்டிற்கு மாத்திரமே சென்றது. அவை சேற்றிற் புதைந்து சுழலுமாயின் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ, கியர்ப்பெட்டியை அடுத்து இன்னொரு பெட்டி அமைந்து, ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து வழங்கிற்று. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் முன்சில்லுகளும் இழுக்கத் தொடங்கும். மற்றொன்றைத் தள்ளினால் வேகம் குறைந்து இழுவிசை பெருகும். பின்சில்லு புதைந்த இடத்தில் முன்சில்லு வண்டியை இழுத்துச் செல்லும். மற்றவை யாவும் எளிமையானவை: தட்டையான தகடுகள், மறைவின்றித் தெரியும் பாகங்கள், சாதாரண கருவிகளாற் கழற்றிப் பூட்டக்கூடிய ஆணிகள். போர்க்களத்தில் எந்தச் சிப்பாயும் திருத்தக்கூடியதாயிருத்தல் வேண்டுமென்பதற்காகவே இவ்வெளிமை வேண்டப்பட்டது. இதே எளிமை பிற்காலத்தில் வேறொரு வர்க்கத்தின் கைகளுக்கு உதவியதென்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும்.

பான்டத்தின் வரைபடங்கள் பான்டத்திடமே நிலைக்கவில்லை. அச்சிறு நிறுவனத்தால் தேவையான தொகையை உற்பத்தி செய்ய இயலாதென்று கருதிய இராணுவம், அவற்றை வில்லிசுக்கும் போர்டுக்கும் காட்டிற்று. மூவரும் செய்த வண்டிகளும் பரிசோதிக்கப்பட்டன. 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான பெரும் ஒப்பந்தம், ஆற்றல் மிக்க எஞ்சினைக் கொண்டிருந்த வில்லிசுக்குக் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் போர்டும் அதே அமைப்பில் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. யுத்தம் முடியும்வரை இவ்விரு நிறுவனங்களும் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன. பான்டம் செய்தவையோ மூவாயிரத்திற்கும் குறைவு. அந்நிறுவனம் பின்னர் இழுவண்டிகள் செய்வதோடு அமையவேண்டியதாயிற்று.

ஜீப்பைத் தாமே படைத்ததாக வில்லிஸ் நிறுவனம் விளம்பரஞ் செய்தது. இதனை ஆராய்ந்த அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, அவ்வாறு உரிமை பாராட்டுவது தவறென்றும், அவ்வண்டியின் கருத்தை உருவாக்கியவர்கள் பான்டத்தாரும் இராணுவ அதிகாரிகளுமே என்றும் 1948இல் தீர்ப்பளித்தது. எனினும் 1950இல் 'ஜீப்' என்னும் பெயர் வில்லிசின் வர்த்தகச் சின்னமாகப் பதிவாயிற்று. சிப்பாய்களின் வாயில் வழங்கிய ஒரு சொல், பொதுப்பணத்தாலும் பலரது உழைப்பாலும் உருவான ஒரு பொருளின் பெயர், ஒரு கொம்பனியின் தனியுடைமையாயிற்று. உழைப்புச் சமூகத்தினுடையதாகவும் உடைமை தனிப்பட்டோருடையதாகவும் இருக்கும் முரண்பாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

யுத்தம் முடிந்ததும் இவ்வண்டிக்குப் புதிய எசமானர்கள் தேவைப்பட்டனர். வில்லிஸ் நிறுவனம் 1945இலேயே உழவர்களுக்கென ஜீப்பை விற்கத் தொடங்கிற்று. பிரித்தானியாவில், றோவர் நிறுவனத்தின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்தத்தில் எஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் பார்த்தே லாண்ட் றோவர் பிறந்தது. உருக்கு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட காலமாதலின் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டது. 1948 ஏப்ரில் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெற்று மூன்று மாதங்களும் நிறைவுறாத காலம் அது. உழவனின் வண்டியென்று தோன்றிய லாண்ட் றோவரைப் பிரித்தானிய இராணுவமும், குடியேற்ற நாடுகளின் அதிகாரிகளும், தோட்ட முதலாளிகளும் விரைவில் விரும்பி ஏற்றனர். சாலை போடாத இடத்திற்கும் அதிகாரம் சென்றடைய அது உதவிற்று.

இனி பிலிப்பைன்சை நோக்குவோம். 1898இல் ஸ்பானியரிடமிருந்து அமெரிக்கர் கைக்கு மாறிய அந்நாட்டை 1942இல் யப்பானியர் கைப்பற்றினர். 1945 பெப்ரவரியில் மணிலா நகரை மீட்பதற்காக நடந்த ஒரு மாதப் போரில், யப்பானியப் படையினரின் படுகொலைகளாலும் அமெரிக்கப் பீரங்கிகளின் குண்டுகளாலும் ஏறத்தாழ ஓரிலட்சம் பொதுமக்கள் மாண்டனர். நகரின் டிராம் பாதைகள் அழிந்தன; பஸ்களும் எஞ்சவில்லை. 1946 ஜூலை 4ஆம் திகதி சுதந்திரம் வந்தது. அதனோடு கூடவே, நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கருக்குச் சம உரிமை வழங்கும் ஏற்பாடும், அமெரிக்க இராணுவத் தளங்களுக்கான ஒப்பந்தமும் வந்தன. ஏகாதிபத்தியம் வளங்களையும் தளங்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, கப்பலேற்றிக் கொண்டுபோக விரும்பாத பழைய ஜீப்புகளை விட்டுச் சென்றது.

அவ்வாறு எஞ்சிய வண்டிகளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் வாங்கினர். அவற்றின் பின்புறத்தை நீட்டினர். எதிரெதிராக இரண்டு நீண்ட வாங்குகளை அமைத்தனர். வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்டனர். நால்வர் ஏறிய போர் வண்டி ஊரார் பலர் ஏறும் பொது வண்டியாயிற்று. ஜீப் என்பதனோடு, வாடகைச் சிறுவண்டியைக் குறிக்கும் ஜிட்னி என்னும் சொல் சேர்ந்து 'ஜீப்னி' என்னும் பெயர் பிறந்தது. குதிரை வண்டியோட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்த லியொனார்டோ சராவோ என்பவர் 1953இல் லாஸ் பின்யாஸ் என்னுமிடத்தில் சிறுமுதலோடு ஒரு பட்டறையைத் தொடங்கினார்; அது நாட்டிலேயே பெயர்பெற்ற ஜீப்னித் தொழிற்சாலையாக வளர்ந்தது. எஞ்சிய இராணுவ வண்டிகள் தீர்ந்தபின், யப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின்களைப் பூட்டி, தகட்டைக் கையால் வளைத்து, உடல் முழுவதையும் உள்நாட்டுத் தொழிலாளரே செய்தனர்.

வண்டியின் முகப்பிலும் பக்கங்களிலும் பிள்ளைகளின் பெயர்கள், புனிதர்களின் உருவங்கள், ஊர்ப் பெயர்கள் யாவும் வண்ணங்களில் தீட்டப்பட்டன. கட்டணம் பிரயாணிகளின் கைமாறிக் கைமாறி முன்னாலிருக்கும் சாரதியை அடைந்தது. மிகுதிக் காசும் அவ்வழியே திரும்பி வந்தது. வட லூசோனின் மலைப்பாதைகளிலோ கூரையின் மீதும் மக்களும் சுமைகளும் ஏறிச் சென்றனர். வண்டி பழுதுற்றால் தெருவோரக் கராஜில் திருத்தலாம். ஒரு பாகம் கிடைக்காவிட்டால் வேறொரு வண்டியின் பாகத்தை வெட்டி ஒட்டிப் பொருத்தலாம். அந்நியக் கொம்பனியின் அனுமதியை எதிர்பாராமல் தன் பொறியைத் தானே பேணும் ஆற்றல் ஒரு மக்கட் கூட்டத்திற்கு வாய்த்தது. இதனையே உண்மையான உடைமை எனல் தகும்.

ஆயினும் இவ்வாழ்க்கையை வெறும் வண்ணச் சித்திரமாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. ஜீப்னியை ஓட்டியவர் எல்லோரும் அதன் சொந்தக்காரர் அல்லர். பலர் 'பவுண்டரி' எனப்படும் முறையின்கீழ் உழைத்தனர். நாள்தோறும் வண்டிச் சொந்தக்காரருக்குக் குறித்த தொகையைச் சாரதி செலுத்தவேண்டும். எரிபொருட் செலவும் அவருடையதே. எஞ்சியதே அவருடைய கூலி. பிரயாணிகள் குறைந்தாலும் எண்ணெய் விலை ஏறினாலும் நட்டம் சாரதிக்கு. சொந்தக்காரரின் தொகையோ குறைவதில்லை. நம் நாட்டுக் குத்தகைக் கமக்காரனின் நிலையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஒரேயொரு வண்டியை வைத்துத் தானே ஓட்டிய சிறு சொந்தக்காரரும் இருந்தனர். அவர்தம் வாழ்வும் கடனோடு பிணைந்ததே.

எண்ணெய் விலையே இச்சாரதிகளைப் போராட்டத்திற்கு இழுத்து வந்தது. 1971இன் தொடக்கத்தில், பேர்டினண்ட் மார்க்கோசின் ஆட்சியில், எண்ணெய் விலை உயர்த்தப்பட்டபோது ஜீப்னிச் சாரதிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு ஆதரவாகப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாக மாணவர்கள் பெப்ரவரி முதலாந் திகதி வளாகத்தின் பாதைகளிலே தடைகளை எழுப்பினர். ஆசிரியர் சிலரும் வளாகவாசிகளும் அவர்களோடு நின்றனர். பொலிசார் உட்புகுந்தபோதும் மாணவர்கள் பின்வாங்கவில்லை. பல்கலைக்கழக வானொலி நிலையத்தைத் தம் வசமாக்கி மக்களோடு பேசினர். துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற பாஸ்டர் மெசினா என்னும் மாணவர் உயிர்நீத்தார். ஏறத்தாழ ஒன்பது நாட்கள் நீடித்த அந்நிகழ்ச்சி, பாரிசு நகரத்துக் கொம்யூனை நினைவுகூர்ந்து 'டிலிமான் கொம்யூன்' எனப் பெயர்பெற்றது. மறு ஆண்டு செப்டெம்பரில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். எண்ணெய் விலையில் சில சதங்களின் ஏற்றம் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் புறம்பான விடயமன்று என்பதை அம்மாணவர் உணர்ந்திருந்தனர்.

2017இல் ஜீப்னியின் வாழ்வுக்கே சோதனை வந்தது. பழைய வண்டிகளை நீக்கி, புகை குறைந்த எஞ்சின் அல்லது மின்சாரத்தால் இயங்கும் வண்டிகளைப் புகுத்தும் திட்டத்தைப் பிலிப்பைன்ஸ் அரசு அவ்வாண்டு அறிவித்தது. பழைய டீசல் எஞ்சினின் கரும்புகை நோய்க்குக் காரணமென்பதில் ஐயமில்லை. அப்புகையை நாள்முழுதும் முதலிற் சுவாசிப்பவரும் சாரதியே. ஆகவே மாற்றம் வேண்டும் என்பதை எவரும் மறுக்க முடியாது. மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்பதே வினா. புதிய வண்டிகளுள் பலவற்றின் விலை இருபது இலட்சம் பெசோவைத் தாண்டிற்று. அரச மானியமோ 80,000 பெசோவில் தொடங்கிப் பின்னர் 1,60,000 பெசோவாயிற்று. விலையில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. மிகுதி முழுவதும் கடன்.

மேலும், தனித்தனியே இருந்த வழித்தட அனுமதிகளைக் கூட்டுறவுச் சங்கத்திடமோ கொம்பனியிடமோ ஒருசேர ஒப்படைக்க வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. கூட்டுறவு என்னும் சொல் முற்போக்காளர்க்கு இனியது. ஆனால் உழைப்பவர் தம் விருப்பால் ஒன்றுகூடி அமைப்பது ஒன்று. அனுமதி பறிபோகும் என்னும் அச்சத்தால், கட்டமுடியாத கடனைத் தலையிற் சுமந்து சேர்வது வேறொன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது ஜீப்னிகள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டன. பல சாரதிகள் தெருவில் நின்று இரந்துண்ண நேர்ந்தது. அந்நிலையிலிருந்து மீளாதவர்களிடமே புதிய வண்டி வாங்குமாறு கேட்கப்பட்டது. 2023 மார்ச் மாதத்தில் ஒரு வாரத்திற்கென அறிவித்த வேலைநிறுத்தம், அரசோடு நடந்த பேச்சின்பின் இரண்டாம் நாளில் முடிவுற்றது. ஒன்றுசேர்வதற்கான இறுதித் தவணை பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024 ஏப்ரில் 30உடன் முடிந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஜீப்பை வரைந்த சிறு நிறுவனத்திடம் அது நிலைக்கவில்லை. பெருமுதல் அதனைக் கொண்டது. யுத்தத்தில் எஞ்சிய இரும்பை வாழ்வாக்கிய மக்களிடமும் அது நிலைப்பதாயில்லை. கடனும் சட்டமும் அதனைக் கொள்ள முற்பட்டன. எளிய பொறியைத் திருத்தியும் நீட்டியும் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் மக்களுக்கு உண்டு. அந்த ஆற்றலால் மட்டும் உடைமை காக்கப்படுவதில்லை. அதற்கு அமைப்பு வேண்டும். அவ்வமைப்பின் பக்கத்தில் நிற்கும் மாணவரும் ஆசிரியரும் வேண்டும்.

தூய காற்றும் உழைப்பவரின் உரிமையே. வண்டியும் அவரது உரிமையே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்பதை முன்னேற்றமென்று ஏற்பதற்கில்லை. புதிய பொறி ஒன்று நம் நாட்டிற்கு வரும்போதும் அதன் வேகத்தையும் அழகையும் மட்டும் மாணவருக்குச் சொல்லி அமையாமல், அதைச் செய்தவர் யார், ஓட்டுபவர் யார், அதன் கடனைக் கட்டுபவர் யார் என்னும் வினாக்களையும் வகுப்பறையில் எழுப்புவது நம் கடமையாகும்.