சீர்திருத்த இல்லங்களில் ஆசிரியர்: மனவெழுச்சி நுண்ணறிவும் பணி அழுத்தமும்

சிறார் இல்லங்களில் பாடம் நடத்துவோரின் பணி அழுத்தத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் 1990இலிருந்தே தொடங்குகிறார்கள். தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் அறிந்து கையாளும் திறனான மனவெழுச்சி நுண்ணறிவுக்குப் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் வரையறை தந்த ஆண்டு அது. ஆனால் இத்தகைய ஆசிரியரின் மனப்பக்குவம் பற்றிய கவலை அதைவிட நூற்றைம்பது ஆண்டு மூத்தது. பிரான்ஸின் மெத்ரேயில் சிறார் குடியிருப்பை நிறுவிய தெமெட்ஸ், 1840இல் முதல் சிறுவர்கள் வந்து சேருமுன்பே, அவர்களோடு வாழப்போகும் இளம் ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். மெத்ரேயின் கடும் கட்டுப்பாடுகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆசிரியரின் பக்குவம் பிறவிக் குணமன்று, நிறுவனம் உருவாக்கித் தரவேண்டியது என்ற புரிதல் மட்டும் அங்கே இருந்தது. அந்தப் புரிதல் நம் சட்டங்களுக்குள் வந்து சேரவேயில்லை என்பதே என் வாதம்.

பக்குவத்தை நிறுவனமே உருவாக்க வேண்டும் என்பதை இன்னும் தெளிவாகக் காட்டியவர் வியன்னாவின் ஆகஸ்ட் ஐக்ஹார்ன். முதல் உலகப்போர் முடிந்த 1918இல் ஓபர்ஹோலாப்ரூனில் இல்லம் நடத்திய அவர், மிகவும் முரட்டுத்தனமான சிறுவர்களை ஒரே குழுவாக்கி, அவர்கள் என்ன செய்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று ஊழியர்களிடம் சொன்னார். மேசை நாற்காலிகள் உடைந்தன; ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஆத்திரம் வற்றி அச்சிறுவர்கள் அழத் தொடங்கும்வரை பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். இந்த அனுபவத்தையும் சொல்லி 1925இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஃப்ராய்டு முன்னுரை தந்தார். ஊழியர்களின் அந்தப் பொறுமை தனியொருவரின் சாமர்த்தியமன்று. ஏன் பொறுக்கிறோம் என்று எல்லோரும் அறிந்து சேர்ந்து சுமந்த சுமை.

இந்தியாவில் 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 1887இல் செங்கல்பட்டில் பள்ளி தொடங்கியது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் சிறார் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு படியிலும் சட்டத்தின் பார்வை சிறுவர்மீதே இருந்தது, அது நியாயமே. ஆனால் 2016ஆம் ஆண்டு சிறார் நீதி மாதிரி விதிகள் 100 சிறார் கொண்ட இல்லத்துக்குப் பரிந்துரைக்கும் ஆசிரியர்கள் இருவர். அவர்களும் தன்னார்வலராகவோ பகுதிநேரமாகவோ இருக்கலாம். விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தின் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பதினான்கு வயதுப் பையனும் பிளஸ் ஒன் படித்தவனும் ஒரே பாயில் அமர்ந்திருக்கலாம். ஜாமீன் உத்தரவு வந்தால், பாதி வாய்ப்பாட்டில் எழுந்து போகிறவன் மறுநாள் வரமாட்டான். அவன் விடுதலையில் மகிழவேண்டிய ஆசிரியர், தொடங்கிய பாடம் அறுந்துபோன வெறுமையையும் அன்றாடம் விழுங்க வேண்டியிருக்கிறது.

மனவெழுச்சி நுண்ணறிவு கூடியவர்களிடம் அழுத்தம் குறைவு என ஆய்வுகள் காட்டுகின்றனவே, பயிற்சி போதாதா என்று கேட்கலாம். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் நுண்ணறிவையும் அழுத்தத்தையும் அளக்கும் இரண்டு வினாத்தாள்களையும் நிரப்புபவர் ஒருவரே. களைத்துப்போனவர் தம் திறனையும் குறைத்தே மதிப்பிடுவார். எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வுகள் தரும் எண் சொல்லாது. பணமில்லாத அரசுக்குப் பயிற்சிதானே கைக்கெட்டியது என்பது வலுவான மறுப்பு. பயிற்சி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் வந்து போகிறவரிடம் ஐக்ஹார்னின் பொறுமையைக் கேட்பதும், அது வாய்க்காதபோது அவருடைய நுண்ணறிவைக் குறை சொல்வதும் அநீதி. மாதிரி விதிகளின் பட்டியல் பரிந்துரை மட்டுமே, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆகவே முழுநேர ஆசிரியர்களை நியமிக்க மாநில அரசுகள் முன்வர வேண்டும்.