மூக்கின் நடுச்சுவரும் அடைத்த துணியும்



டென்மார்க்கில் மூக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது வானியலாளர் தைக்கோ பிராகேயின் மூக்குத்தான். 1566ஆம் ஆண்டு ரொஸ்ரொக் நகரில் நடந்த வாட்சண்டையில் அவருடைய மூக்கின் மேற்பகுதி வெட்டுண்டு போனது. அதன்பின் வாழ்நாள் முழுக்க உலோகத்தில் செய்த மூக்கை ஒட்டிக்கொண்டு திரிந்தார். வெள்ளி மூக்கு என்றுதான் பேச்சு. 2010இல் பிராக் நகரில் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது பித்தளை என்று தெரியவந்தது. நான் இம்மாதம் பேச எடுத்துக்கொண்டது அவ்வளவு வீரமான மூக்கல்ல. வெளியே பார்த்தால் ஒழுங்காக இருக்கும், உள்ளே நடுச்சுவர் ஒரு பக்கம் கோணிப்போயிருக்கும், அப்படியான மூக்கு.

கடந்த மாரியில் எனக்கு அந்தச் சுவரை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை நடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் துணி அடைச்சு வைச்சவை?" என்பதுதான். ஒரு நாளும் இல்லை என்றால் நம்பவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் இருபது வருடமாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, "டென்மார்க் குளிர் அப்படி" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருப்பதற்கு அந்தத் துணிப் பயமும் ஒரு காரணம். எனவே அந்தத் துணி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடினேன்.

மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. இரண்டையும் மென்சவ்வு மூடியிருக்கிறது. முற்றிலும் நேரான சுவர் உள்ளவர்கள் குறைவு. பிறக்கும்போதோ, வளரும்போதோ, அடிபட்டோ கோணலாம். மூச்சு முட்டினால் மட்டுமே அது நோய்.

துணி அடைப்பது மிகப் பழைய வேலை. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, உடைந்த மூக்குக்குள் கொழுப்பில் தோய்த்த துணியை வைக்கச் சொல்கிறது. நம் பக்கத்துச் சுசுருத சங்கிதை இன்னொரு படி மேலே போகிறது. அறுந்த மூக்கைத் தோல் வைத்துச் சீராக்கும்போது, நோயாளி மூச்சு விடுவதற்காக இரண்டு குழாய்களை உள்ளே வைக்கச் சொல்கிறது. இன்று சில வைத்தியர்கள் வைக்கும் குழாய் பதித்த பிளாஸ்ரிக் தகட்டைப் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் குவெல்மால்ஸ் என்ற யேர்மன் வைத்தியர், கோணிய சுவரைத் தினமும் விரலால் அழுத்தி நிமிர்த்தச் சொன்னார். பாவம், நோயாளிகள். 1875இல் லண்டனில் வில்லியம் அடம்ஸ் சுவரைப் பலவந்தமாக முறித்து நேராக்கி, உலோகக் கருவியால் இறுக்கிப் பிடித்தார். வலியைக் கேட்கவே வேண்டாம். 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கெயின் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். விரைவிலேயே அது மூக்குக்கும் வந்தது. அதன் பிறகுதான் மூக்குக்குள் நிதானமாக வேலை செய்ய முடிந்தது.

இதற்கிடையில் கொப்பன்கேகனில் நடந்ததை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிய வேண்டும். வில்ஹெல்ம் மையர் என்ற வைத்தியர், காது மந்தமாகி, குரலும் அடைத்தாற்போல வந்தவர்களைக் கவனித்தார். மூக்கின் பின்புறம் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, அங்கே மென்மையான வளர்ச்சி இருப்பதைக் கண்டுபிடித்தார். 1868இல் டேனிஷ் மொழியிலும் 1870இல் ஆங்கிலத்திலும் எழுதினார். இங்கே பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு "பொலிப்பர்" எடுக்கிறார்களே, அதுதான் அது. 1898இல் அவருக்குக் கொப்பன்கேகனின் ஒஸ்ற அன்லெக் பூங்காவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

மையர் முதலில் பயன்படுத்திய கருவி தன் காதுதான். மூக்கு அடைத்தவர் வாயில் எந்த எழுத்து கெடுகிறது என்று கேட்டார். இது தமிழருக்குப் புதிதல்ல. மெல்லெழுத்துகள் மூக்கின் வளியால் இசைப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லியிருக்கிறது. மூக்கு அடைத்த பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் "அப்பா" என்பதுபோல விழுவது அதனால்தான். (எங்கள் வீட்டில் இதனால் வந்த சண்டைகளை இங்கே எழுதவில்லை.) அடைப்பு பின்னால் இருக்கிறதா, நடுச்சுவரிலா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வளர்ந்ததற்கு இப்படியானவர்கள்தான் காரணம்.

நடுச்சுவருக்கு வருவோம். 1882இல் சிக்காகோவில் இங்கல்ஸ் என்பவர் கோணல் துண்டைக் குருத்தெலும்போடு வெட்டி எடுத்தார். பெரிய மாற்றம் 1902இல் அமெரிக்காவின் பிரீயர், 1904இல் யேர்மனியின் கில்லியன் இருவராலும் வந்தது. மென்சவ்வைக் கிழிக்காமல் இரு பக்கமும் உரித்து விலக்கி, நடுவிலிருக்கும் கோணல் குருத்தெலும்பை மட்டும் எடுத்தார்கள். மேலும் முன்னும் ஒரு சட்டத்தை மட்டும் தாங்குவதற்கு விட்டார்கள். மூச்சு திறந்தது. ஆனால் அளவுக்கு மிஞ்சி எடுத்தவர்களின் மூக்கு சில வருடத்தில் நடுவே அமுங்கியது. சிலருக்குச் சுவரில் ஓட்டை விழுந்து, மூச்சு விட விசில் அடித்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிக்காகோவின் மொறிஸ் கொட்டில், வெட்டி எறிவதை விட்டு, இருப்பதை விடுவித்து நடுவில் நிறுத்துங்கள் என்று கற்பித்தார். இன்று நடப்பது பெரும்பாலும் அந்த வழிதான்.

துணி ஏன் என்றால், உரித்த சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் இரத்தம் தேங்கக் கூடாது. குருத்தெலும்புக்கு உணவு அந்தச் சவ்விலிருந்துதான் வருகிறது. இடையில் இரத்தம் நின்றால் அது பட்டினியில் செத்துப்போகும். (பந்து பட்டு மூக்கடைத்த பிள்ளையின் மூக்குக்குள் நடுச்சுவர் வீங்கியிருந்தால் அன்றே காட்ட வேண்டும் என்பதும் இதனால்தான்.) அதற்காகத்தான் வசலின் தடவிய நாடாத்துணியை முழ அளவில் திணித்து, இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு இழுத்தார்கள். அந்த இழுவைதான் நம்மவர்களின் ஞாபகத்தில் நிற்கிறது. பிறகு வந்தவர்கள், இரு பக்கச் சவ்வையும் சுவரோடு சேர்த்துக் கரையும் நூலால் தைத்துவிட்டாலும் அதே வேலை நடக்கிறது என்று கண்டார்கள். எனக்கும் அப்படித்தான். உள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் தகடு இரண்டு, ஒரு வாரத்தில் எடுத்தார்கள்.

காலையில் போய் மாலையில் வீடு. வலி நான் நினைத்ததைவிடக் குறைவு, அடைப்பு நினைத்ததைவிடக் கூட. தலையணையை உயர்த்திப் படுக்கை, நாளுக்குப் பல தடவை உப்புத் தண்ணீர், மூக்குச் சிந்துவதில்லை, பாரம் தூக்குவதில்லை, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது. வீட்டில் செத்தல் மிளகாய் தாளிப்பதை இரண்டு கிழமைக்கு நிறுத்தினோம். "ஆவி பிடியுங்கோ" என்று அன்பாகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் முதல் நாட்களில் சூடு இரத்தக் கசிவைக் கூட்டும் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். மூன்றாம் கிழமை ஒரு பக்கம் மட்டும் திறந்தது. முழுதாக ஆறச் சில மாதங்கள் பிடிக்கும்.

எல்லாருக்கும் வெட்டு வேண்டியதில்லை. டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் மூகின்ட், ஒவ்வாமை மூக்குக்குள் அடிக்கும் ஸ்ரெரொயிட் மருந்தின் பயனை 1973இல் வெளியிட்டார். பலருக்கு அதுவே போதும். ஓகூஸ் பல்கலைக்கழகத்தின் ஓலே ஹில்பேர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1989இல், ஒலியை மூக்குக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு எங்கே எவ்வளவு ஒடுக்கம் என்று அளக்கும் முறையை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் 378 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வு, நடுச்சுவர் கோணியவர்களுக்கு மருந்து அடிப்பதைவிடச் சத்திரசிகிச்சை கூடிய பலன் தருகிறது என்று காட்டியது. நம் மஞ்சள் அட்டையில் முதற்பிரிவில் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் நேரம் எடுக்கலாம்.

அங்கே கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மூக்கில் எப்போதாவது அடிபட்டதா?"

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, எண்பதுகளில் தடுப்புக்காவலில் இருந்து வந்தவர். தொண்ணூறுகளில் வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்க்கப் பதினொரு வயது மகள் பக்கத்தில் இருந்தாள். "கால்பந்து பட்டது" என்றார். மகளும் அப்படியே சொன்னாள். இத்தனைக்கும், சித்திரவதைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்க வைத்தியர்கள் 1974இலேயே அம்னெஸ்ரியின் கீழ் குழு அமைத்த நாடு இது. இங்கெ கெனெஃப்கெ 1982இல் கொப்பன்கேகனில் அவர்களுக்கென்றே புனர்வாழ்வு நிலையம் தொடங்கினார். அண்ணை அங்கெல்லாம் போகவில்லை. சில வருடம் முன்பு திரும்ப மூக்குக்குக் காட்டப் போனபோது மகளைக் கூட்டிப் போகாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினார். துப்பாக்கிப் பிடியால் அடித்தது என்று சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தது என்று வைத்தியர் கேட்டு, படம் எடுக்க அனுப்பினார். சுவர் இரண்டு இடத்தில் முறிந்து பொருந்தியிருந்தது.